திண்டுக்கல்லில் மதியச் சாப்பாடு: நாளைக்கும் வருகிறவர் எங்கே சாப்பிடுகிறார்?

திண்டுக்கல்லில் சாப்பிட நல்ல இடம் எது என்று யாரிடம் கேட்டாலும் முதலில் வருகிற பதில் பிரியாணி. தப்பான பதில் இல்லை, ஆனால் ஒரு நாள் வந்து போகிறவருக்குத்தான் அது பொருந்தும். மணிக்கூண்டைச் சுற்றியுள்ள ஜவுளிக்கடைகளில் கணக்கு எழுதுகிறவர், காந்தி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், வெங்காய மண்டிக்குச் சரக்கோடு வந்த விவசாயி, வாய்தாவுக்காகக் கோர்ட்டுக்கு வந்தவர், தோளில் பையோடு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குகிற மருந்துக் கம்பெனி ரெப், இவர்களுக்கெல்லாம் தினம் தினம் பிரியாணி கட்டுப்படியாகாது. வயிறும் ஒத்துக்கொள்ளாது. ஆனாலும் இத்தனை பேரும் மதியம் எங்கேயோ சாப்பிடுகிறார்கள், பலர் நன்றாகவே சாப்பிடுகிறார்கள். வெளியூர்க்காரர் அந்த இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கடைப் பெயர்ப் பட்டியல் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாஸ்டர் மாறினால், வாடகை ஏறினால், ஆறு மாதத்தில் பட்டியல் பழசாகிவிடும். பார்க்கிற முறை தெரிந்துவிட்டால் அது எந்த வருடத்துக்கும் உதவும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கடைவீதியில் மலிவாகவும் நன்றாகவும் சாப்பாடு போடுகிற கடை எது என்றால், இன்று சாப்பிட்டவர் நாளைக்கும் வந்தால்தான் பிழைக்க முடியும் என்ற கட்டாயத்தில் இருக்கிற கடை. 1970-ல் ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் பழைய கார் வியாபாரத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் ஏறக்குறைய ஒரே விலைதான் கிடைக்கும், கடைசியில் நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரவே மாட்டார் என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததில் இந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. சாப்பாட்டுக்கடையிலும் இதே நிலைமைதான். எண்ணெய் எத்தனையாவது தடவை காய்கிறது, சாம்பார் இன்றைக்கு வைத்ததா, குருமாவில் நேற்றைய மிச்சம் கலந்திருக்கிறதா என்பதெல்லாம் அடுப்படிக்குத் தெரியும், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. ஆனால் கார் வாங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. காரைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை வாங்குகிறோம். சாப்பாட்டை நாளைக்கும் வாங்க வேண்டும். தினம் வருகிற ஆளை ஒரு கடை ஒரு தடவைதான் ஏமாற்ற முடியும்.

இப்படிப் பார்த்தால் காமராஜர் பேருந்து நிலையத்தைச் சுற்றிய சாப்பாட்டுக்கும், அங்கிருந்து உள்ளே நடந்து போனால் கிடைக்கிற சாப்பாட்டுக்கும் ஏன் வித்தியாசம் வருகிறது என்பது புரியும். பேருந்து நிலையத்தில் இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் பழனிக்கோ கொடைக்கானலுக்கோ மதுரைக்கோ போகிறவர்கள். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கிறது, பசிக்கிறது, எதிரே இருப்பதில் நுழைகிறார்கள். சாப்பாடு பிடிக்காவிட்டாலும் அந்தக் கடைக்கு நஷ்டம் இல்லை, அடுத்த பஸ்ஸில் அடுத்த ஆள் வருவார். அங்கே இருக்கிற எல்லாக் கடையும் மோசம் என்று சொன்னால் அது அநியாயம். கண்டக்டர்களும் டிரைவர்களும் ஆட்டோக்காரர்களும் தினமும் சாப்பிடுகிற கடைகள் அங்கேயே உண்டு, அவை என் கணக்கில் நல்ல கடைகள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் அந்த வித்தியாசத்தைப் பார்க்க நமக்கு நேரம் இருப்பதில்லை என்பதுதான் சிக்கல். வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டைப் பார்த்த முகப்புக்கு ஒரு வாடகை, இரண்டு சந்து தள்ளி உள்ளே இருக்கிற கூடத்துக்கு வேறு வாடகை. முகப்புக்குக் கொடுக்கிற பணம் நம் இலையிலிருந்துதான் போகிறது. டைலர் கோவென் என்ற இன்னொரு பொருளாதாரக்காரர் 2012-ல் வந்த தன் புத்தகத்தில் அமெரிக்க நகரங்களுக்கு இதே யோசனையைச் சொன்னார்: வாடகை குறைந்த மூலைகளில் தேடுங்கள் என்று. அங்கே அதற்கு கார் வேண்டும். திண்டுக்கல்லில் பத்து நிமிட நடை போதும்.

பெயரைப் பார்த்துப் போகலாமே என்று கேட்பீர்கள். பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. 1957-ல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் தொடங்கினார். அவர் தலையில் எப்போதும் கட்டியிருந்த தலைப்பாகையால் கடைக்குத் தலப்பாக்கட்டி என்ற பெயர் நிலைத்தது. சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய ஆட்டுக்கறி, கொஞ்சம் தூக்கலான புளிப்பு என்று ஒரு பக்குவம் உருவாயிற்று. அந்தப் பக்குவத்துக்கு முதலில் ஆதரவு கொடுத்தவர்கள் இந்த ஊர்ச் சந்தைக்கு வந்து போன வியாபாரிகளும் உள்ளூர்க்காரர்களும்தான். வந்தவர்களே மறுபடி மறுபடி வந்ததால்தான் பெயர் வளர்ந்தது. பிறகு அந்தப் பெயருக்காகவே உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிற்று. இன்று சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாடுகளிலும் ‘திண்டுக்கல்’ என்று எழுதிய போர்டுகள் எத்தனையோ தொங்குகின்றன. அத்தனையும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். முனியாண்டி விலாஸும் இப்படித்தான். திருமங்கலம் பக்கம் வடக்கம்பட்டியிலிருந்து கிளம்பியவர்கள் ஊர் ஊராக அந்தப் பெயரில் அசைவ ஹோட்டல் வைத்தார்கள். ஆண்டுதோறும் தை மாதத்தில் ஊர்க்கோயிலில் ஒன்றுகூடி பிரியாணியைப் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சாமி பெயரில் கடை நடத்துவதால் வருகிற ஒரு கட்டுப்பாடு அதில் இருப்பதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒவ்வொரு கடையும் தனித்தனி முதலாளியுடையது, ஒரு ஊர்க் கடையின் ருசி இன்னொரு ஊர்க் கடைக்குச் சாட்சி சொல்லாது. பெயர் என்பது பழைய வாடிக்கையாளர்கள் கொடுத்த சான்றிதழ். இன்றைய வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை அதில் படிக்க முடியாது.

சரி, இன்றைய வாடிக்கையாளர்களை எங்கே பார்ப்பது? வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில். திண்டுக்கல்லின் வியாபாரம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை, தொழில் வாரியாகப் பிரிந்து கிடக்கிறது, தேடுகிறவருக்கு இது பெரிய வசதி. அபிராமி அம்மன் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலும் மெயின் ரோட்டிலும் நகை, ஜவுளி, பாத்திரம், மளிகை மொத்த வியாபாரம். காந்தி மார்க்கெட்டில் காய்கறி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பூ மார்க்கெட். ரயில் நிலையப் பக்கம் நாகல்நகர், சௌராஷ்டிர நெசவாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதி. நாகல்நகரிலிருந்து நல்லாம்பட்டி வரை பூட்டுத் தொழில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்தத் தொழிலில் மிஞ்சியிருந்த கைகள் குறைவுதான் என்பது வருத்தமான விஷயம். பேகம்பூர்ப் பக்கம் தோல் வியாபாரமும் இஸ்லாமியக் குடும்பங்களின் சமையலும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பசி நேரம் இருக்கிறது. காய்கறி மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது, அங்கே ஏழு மணிக்கெல்லாம் இட்லிச் சட்டி நாலாவது ஈடு கண்டிருக்கும், பதினொன்றரைக்கே சோறு ஆரம்பித்துவிடும். ஜவுளிக்கடைக்காரர்கள் ஒன்றரைக்கு மேல்தான் மாற்றி மாற்றிச் சாப்பிட வருவார்கள். கோர்ட், ஆபீஸ் பக்கம் ஒரு மணி. எந்தக் கூட்டத்துக்கு எந்த நேரம் என்று தெரிந்தால், அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் நின்று யார் எந்தச் சந்துக்குள் போகிறார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் முடிந்தது.

மீதிப் பாதிக்கு வாயைத் திறந்து கேட்க வேண்டும். இங்கேதான் பலர் தவறான கேள்வி கேட்கிறார்கள். “நல்ல ஹோட்டல் எங்க இருக்கு?” என்று கேட்டால், விருந்தாளியை எங்கே அனுப்பினால் மரியாதை என்று யோசித்து, ஏசி ஹால் உள்ள பெரிய கடையைக் கைகாட்டுவார்கள். அது அன்பினால் வருகிற பதில். “அண்ணே, மதியத்துக்கு நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பதில் மாறும். வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் வருகிறது என்றால், வராத நாளில் எங்கே என்று கேளுங்கள். கடையில் சாமான் வாங்கிக்கொண்டே கேட்டால் இன்னும் நல்லது, பேச்சு இயல்பாக வரும். ஒரே பகுதியில் மூன்று பேர் ஒரே இடத்தைச் சொன்னால் யோசிக்காமல் போகலாம்.

போன இடத்தில் எதைக் கவனிப்பது? எனக்கு முக்கியமாகப் படுவது சாப்பாடு தீர்கிற நேரம். இரண்டரை மணிக்கு “சாப்பாடு முடிஞ்சிருச்சு சார்” என்று சொல்கிற கடையை மறக்காதீர்கள், மறுநாள் பன்னிரண்டரைக்கே போங்கள். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்து அளந்து உலை வைக்கிற கடை அது. அங்கே வீணாவது குறைவு, வீணாகாததால் விலை குறைவு, மிஞ்சாததால் நாளைக்கு நேற்றையது வராது. மலிவும் சுத்தமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை யோசித்துப் பார்க்க வேண்டும். மாலை நாலு மணிக்கும் நாற்பது ஐட்டம் கிடைக்கிற கடையில்தான் ஃப்ரீசர் தேவைப்படுகிறது. சின்ன மெஸ்ஸில் சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம், ஊறுகாய் என்று முடிந்துவிடும். தினம் எட்டுப் பண்டத்தைச் செய்கிற கை அந்த எட்டிலும் பழகிவிடும்.

அந்த ஒரு பொரியலைப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் அது நிறையச் சொல்லும். முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது, தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று, அங்கிருந்து தினமும் லாரி லாரியாகக் காய்கறி கேரளாவுக்குப் போகிறது. திண்டுக்கல் வெங்காய மண்டியில் சின்ன வெங்காயத்துக்கு விலை நிர்ணயமாகிறது. நத்தத்திலிருந்து புளி, சிறுமலையிலிருந்து வாழைப்பழமும் எலுமிச்சையும், மேலே கொடைக்கானலிலிருந்து கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. சென்னையில் சமைக்கிறவருக்கு இல்லாத ஒரு சலுகை இங்கே சமைக்கிறவருக்கு இருக்கிறது: வரத்து அதிகமான அன்றைக்கு அன்றைய காயைக் கிட்டத்தட்ட விளைந்த விலைக்கே வாங்கலாம். முருங்கை மலிந்த வாரத்தில் சாம்பாரில் முருங்கை நிறையக் கிடந்தால், கத்தரிக்காய் கொட்டிக் கிடக்கிற வாரத்தில் கத்தரிக்காய்க் கூட்டு வந்தால், முதலாளி காலையில் தானே மார்க்கெட்டுக்குப் போகிறார் என்று அர்த்தம். வருடம் முழுக்க ஒரே முட்டைக்கோஸ் பொரியல் வருகிற கடையில் யாரும் போகவில்லை. சைவச் சாப்பாடு இந்த ஊரில் பிரியாணியின் நிழலில் மறைந்து கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இவ்வளவு காய்கறிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற ஊர், தன் காரக்குழம்பைப் பற்றி வெளியே ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

அசைவத்திலும் இதே கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தையிலும் சுற்றுவட்டாரச் சந்தைகளிலும் கைமாறுகிற ஆடுகளின் தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் பிரியாணிக்கும் சுக்காவுக்கும் போய்விடுகின்றன. தலை, கால், குடல், ஈரல், ரத்தம் எல்லாம் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே. பிரியாணிக்கு இவ்வளவு ஆடு வெட்டப்படுகிற ஊரில் குடல் குழம்பும் ரத்தப் பொரியலும் தலைக்கறியும் சின்னக் கடைகளில் புதிதாகக் கிடைப்பதில் ஆச்சரியம் இல்லை. கையில் காசு குறைவாக இருந்து அசைவம் சாப்பிட ஆசை என்றால், மலிவு விலை பிரியாணியைத் தேடாதீர்கள் என்பதே என் யோசனை. சீரகச் சம்பாவும் ஆட்டுக்கறியும் மலிவான பொருள்கள் இல்லை. விலையை இறக்க வேண்டுமானால் அரிசியிலோ கறியிலோ எதிலோ ஒன்றில் கை வைத்துத்தான் ஆக வேண்டும். அதே காசுக்கு இட்லியும் குடல் குழம்புமோ, சோறும் எலும்புக் குழம்பும் கரண்டி ஆம்லெட்டுமோ நியாயமாகக் கிடைக்கும். பிரியாணியை நல்ல கடையில், அதன் விலையைக் கொடுத்து, மாதத்துக்கு ஒரு தடவை சாப்பிடுங்கள். மாலைப் புரோட்டாக் கடைக்குத் தனியாக நான் சொல்ல ஒன்றும் இல்லை, சால்னாவை ஒரு வாய் வைத்தால் தெரிந்துவிடும்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் சில வலுவானவை. முதலாவது, கூட்டம் வருவதாலேயே சாப்பாடு நல்லது என்று ஆகிவிடுமா? விலை குறைவு என்பதற்காக வரலாம், பக்கத்தில் வேறு கடை இல்லை என்பதற்காக வரலாம், மாதக் கணக்கு வைத்துக் கடன் கொடுக்கிறார் என்பதற்காக வரலாம். உண்மைதான். அதனால்தான் வெறும் கூட்டத்தைப் பார்க்காமல், வேறு இடத்துக்குப் போக வசதியுள்ளவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்வேன். சுமைதூக்கும் தொழிலாளியும், அதே மண்டியின் முதலாளியும், பக்கத்து பேங்க் ஊழியரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடையை விலை மட்டும் நிறுத்தி வைக்கவில்லை என்று தெரியும். கடன் விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. மாதக் கணக்கு வைத்திருக்கிறவர் சாப்பாடு பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் கணக்கைத் தொடர மாட்டார். அந்த மிரட்டல், நாலு தெரு தள்ளி ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுப் போகிறவர் கொடுக்கிற மிரட்டலை விடப் பெரியது.

இரண்டாவது ஆட்சேபம் சுகாதாரம். இதை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. தினம் வருகிறவருக்கும் தெரியாத குறைகள் உண்டு. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் உடனே வயிறு வலிக்காது, வருடங்கள் கழித்துத்தான் அதன் விளைவு வரும். வாடிக்கையின் கண்காணிப்பு இங்கே தோற்றுப்போகிறது, சட்டம்தான் வேலை செய்ய வேண்டும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. எவ்வளவு சின்னக் கடையானாலும் பதிவு செய்து, 14 இலக்க எண்ணோடு சான்றிதழை மாட்டி வைக்க வேண்டும். கல்லாவுக்கு மேலே அது இருக்கிறதா என்று ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பதில் தவறில்லை. தண்ணீர் விஷயத்தில் திண்டுக்கல்லில் கூடுதல் கவனம் வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இந்தச் சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீர் பல இடங்களில் கெட்டுப்போனது பல ஆண்டுகளாகப் பதிவாகியிருக்கிற உண்மை. ஊருக்கு ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரிக் கூட்டுக் குடிநீரும் வருகின்றன, ஆனால் எல்லா நாளும் வருவதில்லை. ஆகவே குடிக்க என்ன தண்ணீர், டம்ளரை எதில் கழுவுகிறார்கள் என்று பாருங்கள். கேட்டால் வெந்நீர் கொடுக்கிற கடைகள் நிறைய உண்டு. வாழை இலையில் போடுகிற கடைக்கு என்னைப் பொறுத்தவரை ஒரு மதிப்பெண் கூடுதல், கழுவ வேண்டிய தட்டு ஒன்று குறைகிறது. கொதிக்கிற சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டுகிற கடைக்கு மதிப்பெண் குறையும். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்ட விஷயம். ஆனால் சின்ன மெஸ்ஸில் ஜிஎஸ்டி போட்ட பில் தரவில்லை என்பதை வைத்து மட்டும் சந்தேகப்படாதீர்கள். ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவு கட்டாயம் இல்லை. வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் நாளுக்கு 6,666 ரூபாய். எண்பது ரூபாய்க்குச் சாப்பாடு போட்டால் எண்பது சாப்பாட்டுக்கு மேல் கொஞ்சம். உண்மையான சின்னக் கடைகள் அந்த அளவில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, கையில் போன் இருக்கும்போது இவ்வளவு எதற்கு, ஸ்டார் பார்த்துப் போகலாமே என்பது. இணைய மதிப்பீட்டை எழுதுகிறவர் யார் என்று யோசியுங்கள். வெளியூரிலிருந்து பிரியாணிக்காக வந்தவர் எழுதுகிறார், போட்டோ போடுகிறார். இருபது வருடமாக ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிற மண்டிக் கணக்குப்பிள்ளை ஒரு வரி எழுதியிருக்க மாட்டார். அவருக்கு அது செய்தியே இல்லை. அதனால் மதிப்பீடுகளில் நிறைந்திருப்பது ஒரு முறை வந்தவர்களின் கருத்து, நமக்கு வேண்டியது தினம் வருகிறவர்களின் கருத்து. அந்தக் கடைகள் பலவற்றுக்கு மேப்பில் பெயரே இருக்காது. டெலிவரி ஆப்பில் வருகிற விலையோ, கமிஷனைச் சேர்த்துக் கடை விலையைத் தாண்டிப் போய்விடுகிறது. மலிவாகச் சாப்பிட வேண்டும் என்கிறவருக்கு அந்த வழி உதவாது.

நான்காவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் புகழ்கிற இந்தக் கடைகளில் பெரும்பாலானவை ஆண்களின் இடங்கள். சந்துக்குள், நாலு பெஞ்சு, எதிர் எதிராக முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், ஜவுளிக்கடையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிற பெண் தனியாக வந்து உட்கார்வது சுலபமில்லை. கைகழுவும் இடம், கழிப்பறை, பார்வைகள் எல்லாம் சேர்ந்து அவர்களைப் பெரிய கடைகளின் ‘குடும்ப அறை’க்கோ டிபன் பாக்ஸுக்கோ தள்ளிவிடுகின்றன. கல்லாவிலோ அடுப்பிலோ பெண்கள் இருக்கிற குடும்ப மெஸ்களில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அம்மா உணவகம் இதில் ஒரு நல்ல மாறுபாடு. 2013 பிப்ரவரியில் சென்னையில் தொடங்கி மற்ற மாநகராட்சிகளுக்கும் அரசு மருத்துவமனைகளுக்கும் பரவிய இந்த உணவகங்களைச் சமையலிலிருந்து பரிமாறுவது வரை மகளிர் சுய உதவிக் குழுவினர் நடத்துகிறார்கள். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று என்று தொடங்கிய விலை, சுற்றியுள்ள தனியார் கடைகளுக்கும் ஒரு தரையைப் போட்டது: அதைவிட அதிகம் வாங்குகிறவர் அதைவிட நன்றாகப் போட வேண்டும். இந்த உணவகங்களைப் பராமரிக்காமல் விடுவது ஆட்சி எதுவானாலும் பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. சாப்பாடு மலிவாக இருப்பதற்கு வேலை செய்கிறவருக்குக் குறைவாகக் கொடுப்பதுதான் காரணமோ? சில இடங்களில் ஆம். ஹோட்டல் தொழிலுக்கு அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது, அதை மீறுகிற கடையின் மலிவை நான் பாராட்டத் தயாரில்லை. ஆனால் நான் மேலே சொன்ன மாதிரிக் கடையின் மலிவு பெரும்பாலும் வேறு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: குறைந்த வாடகை, வீணாகாத சோறு, சந்தைக்குப் பக்கத்தில் இருப்பது. அடுத்து, குடும்பமே உழைப்பது. அந்தக் குடும்பத்தின் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு, அதை நாமும் மதிக்க வேண்டும். சாப்பாட்டு விலையில் ஐந்து ரூபாய் ஏற்றியதற்கு முகம் சுளிக்காமல் இருப்பது அந்த மதிப்பில் சேரும். கூட்ட நேரத்தில் சாப்பிட்டதும் எழுந்து இடம் விடுவதும், ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டாமல் சில்லறையோ ஜிபேயோ கொடுப்பதும் சேரும். அந்தப் பெஞ்சில் ஒரு மதியத்துக்கு எத்தனை பேர் உட்கார முடியும் என்பதில்தான் அவர்கள் பிழைப்பு இருக்கிறது.

வாடகைதான் இதில் எல்லாவற்றையும் விடக் கவலை தருகிறது. 2014-ல் திண்டுக்கல் மாநகராட்சி ஆன பிறகு கடைவீதி விரிந்துகொண்டே போகிறது, சந்துகளும் முகப்புகளாகிக்கொண்டிருக்கின்றன. சிங்கப்பூரில் தெருவோர உணவுக்காரர்களை எல்லாம் அரசு தானே கட்டிய உணவு மையங்களுக்குள் குடியமர்த்தியது, தண்ணீரும் வடிகாலும் கொடுத்தது, சுத்தத்தைச் சோதித்துத் தரக் குறியை மாட்ட வைத்தது. 2020-ல் அந்த உணவு மையப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. நம் ஊரில் மாநகராட்சி வணிக வளாகக் கடைகள் அதிக வாடகை கேட்பவருக்கே ஏலத்தில் போகின்றன. எண்பது சாப்பாடு போடுகிற மெஸ், செல்போன் கடையோடு அந்த ஏலத்தில் போட்டி போட முடியாது. ஒவ்வொரு வளாகத்திலும் நாலு கடையையாவது சாப்பாட்டுக்கென்று ஒதுக்கி, கட்டுப்படியாகிற வாடகையில், குழாய்த் தண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் சேர்த்துக் கொடுங்கள் என்று மாநகராட்சியைக் கேட்டுக்கொள்கிறேன். திண்டுக்கல்காரர்களாக இருந்தால் உங்கள் வார்டு உறுப்பினரிடம், அடுத்த ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பு, நீங்களும் இதைக் கேளுங்கள்.